பேர் சொல்லும் இடம்

அத்தையின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அதுதான் வடிவுக்குத் தாங்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் என்ன, ஆஸ்பத்திரி என்றாலும் தனி ரூம்தானே, கதவைச் சாத்தித்தானே வைத்திருக்கிறது, வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் தெருமுனை மாவு மில் வரைக்கும் கேட்கிற குரல் இன்றைக்கு எங்கே போய் ஒளிந்துகொண்டது. முதுகுப்பக்கம் நாடா வைத்துக் கட்டுகிற அந்தப் பச்சை அங்கிக்குள் கூசிக்கொண்டு, கட்டிலில் மல்லாக்கப் படுத்தபடி, மாமியாரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் வடிவு. பரீட்சை ஹாலில் கடைசி பெஞ்சில் எவளாவது உதட்டை அசைத்தால் போதும், என்ன விடையைச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று உதட்டை வைத்தே பிடித்துவிடுகிற கண் அது. இயற்பியல் டீச்சர் சங்கரவடிவு என்றால் பாளையங்கோட்டையில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிம்ம சொப்பனம். அந்தக் கண்ணுக்கு இந்த உதடு மட்டும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. வயிறு காலி. பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாலிச்சங்கிலியைக் கழற்றிப் புருஷன் திருமலையின் சட்டைப்பையில் போட்டாகிவிட்டது. கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள், அதில் இருக்கிற கட்டியைச் சோதனைக்கு அனுப்பப்போகிறார்கள், இனி ஸ்ட்ரெச்சர் வரவேண்டும், ஏறிப் படுக்கவேண்டும், மயக்க மருந்து கொடுப்பார்கள், அப்புறம் முழிக்கவேண்டும். முழிக்கவேண்டும். விடிந்ததிலிருந்து மனசு இந்த ஒரு சொல்லில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மாவும் இப்படித்தான் போனாள், குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன், மத்தியானம் ரசஞ்சாதம் குடுக்கலாம் என்று டாக்டரே சொன்னார். அம்மா முழிக்கவில்லை.

“உனக்காகத்தான்ட்டி சொல்லுதேன். கண்ண மூடிக்கிட்டு சும்மா கெட,” என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை ஆரம்பித்தாள். எனக்காகவா. யாருக்காக என்று எனக்கு எப்படித் தெரியும். அத்தைக்குக் குழல்வாய்மொழி என்று பேர், குற்றாலத்து அம்மன் பேர், பேருக்குத் தகுந்தாற்போல வாய்மொழியில்தான் எல்லாம். அவளுடைய அப்பா தீட்சை வாங்கின மனிதர். சாகிறதுக்கு முன்னால் மகளைக் கூப்பிட்டு ஒரு கவசத்தைக் காதில் உபதேசம் பண்ணிவிட்டுப் போனாராம். எழுதக்கூடாது, வாயிலிருந்து காதுக்குத்தான் போகவேண்டும். எழுதக்கூடாது, அதனால் யாரும் சரிபார்க்கவும் முடியாது, நல்ல ஏற்பாடுதான். முதலில் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தடவி, நெஞ்சு, தலை, உச்சிக்குடுமி இருக்கவேண்டிய இடம், பிறகு இரண்டு கையையும் குறுக்கே போட்டுத் தோள், பிறகு கண் என்று தொட்டுக்கொண்டு வரவேண்டும். உடம்பைக் கட்டியாயிற்று. பிறகு தலையைச் சுற்றி விரலைச் சொடுக்கிச் சிட்டிகை போட்டு எட்டுத் திக்கையும் கட்டவேண்டும். கட்டின பிறகு அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக்கூடாது, வேறு பேச்சுப் பேசக்கூடாது, சொல்லி முடித்துக் கடைசியில் எதிர்ப்பக்கமாகச் சிட்டிகை போட்டுத் திக்கை அவிழ்த்துவிட்டுத்தான் எழவேண்டும். அவிழ்க்காமல் எழுந்தால் சொன்னவளையே கட்டிப்போட்டுவிடும் என்பாள் அத்தை. வாய்விட்டுச் சொன்னால் ஒரு பங்கு, உதட்டுக்குள்ளே சொன்னால் பத்துப் பங்கு, மனசுக்குள்ளே சொன்னால் நூறு பங்கு. அதனால்தான் இன்றைக்கு உதட்டுக்குள்ளே சொல்கிறாளாம், பலன் கூடுதலாம். ஆகா, என்ன கரிசனம். ஏன், மற்றவள் காதில் விழாமல் இருக்கிறதுக்கும் அது வசதிதானே.

வடிவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, நேற்று ராத்திரி வரைக்கும் கிடையாது. ஒலி என்பது காற்றின் அதிர்வு, ஊடகம் இல்லாமல் பரவாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் அவள். ஆனால் அந்தக் கவசத்தில் பேர் வைக்கிறதற்கென்று இரண்டு இடம் காலியாக விட்டிருக்கிறது, அதுதான் இத்தனை வருஷமும் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. முதல் இடத்தில், யாரைக் காக்கவேண்டுமோ அந்த ஆளின் நட்சத்திரமும் பேரும் வரவேண்டும். இரண்டாவது இடத்தில், எதனால், யாரால் வருகிற தீங்கிலிருந்து காக்கவேண்டுமோ அது. வீட்டில் அத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவாள். உத்திரத்தில் உதித்த திருமலையப்பனை என்று கணீரென்று சொல்லுவாள், அடுத்த இடத்தில் கண்ணேறு, வழிப்பயம் என்று அதுவும் கணீரென்று. பிறகு கோயம்புத்தூரில் படிக்கிற பேத்திக்கு. பிறகு பூசத்தில் உதித்த சங்கரவடிவை, அதுவும் தெளிவாகத்தான். கடைசியில் தனக்குச் சொல்லுவாள், கார்த்திகையில் உதித்த குழல்வாய்மொழியை என்று. அதற்கப்புறம் வருகிற இரண்டாவது இடத்தில் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அந்த ஒரு சொல் மட்டும் கேட்காது. தோசைக்கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் மூச்சைப் பிடித்து நின்று பார்த்திருக்கிறாள் வடிவு, தோசை கருகியதுதான் மிச்சம். ஊர் உலகத்துக்கெல்லாம் என்ன தீங்கு என்று தைரியமாகச் சொல்கிற பொம்பளை, தனக்கு வருகிற தீங்கை மட்டும் ஏன் முழுங்கவேண்டும். அந்தத் தீங்குக்கு ஒரு பேர் இருக்கிறது, அந்தப் பேர் இதே வீட்டில் அடுக்களை வாசலில் நிற்கிறது, அதனால்தான்.

ஏனென்றால் வடிவு பூசம் இல்லை. ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஊரே ஒதுக்கிவைக்கிற நட்சத்திரம், பாம்பு நட்சத்திரம். அந்த ஒரு காரணத்துக்காக வந்த வரன் எல்லாம் வாசலோடு திரும்பிப்போக, பெரியப்பா யாரோ ஜோசியரைப் பிடித்துப் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னாலே தள்ளினார். பக்கத்து நட்சத்திரம்தானே, ராசியும் மாறாது, யாருக்குத் தெரியப்போகிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி காயாத கையை அம்மா பிடித்துக்கொண்டு, “யாரு கேட்டாலும் பூசம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பூசம். சொல்லு,” என்றாள். பூசம் என்றாள் வடிவு. அன்றிலிருந்து பூசம்தான். நெல்லையப்பர் கோயில் அர்ச்சனையில் பூசம், திருச்செந்தூரில் பூசம், “எம் மருமக பூசம்லா, முருகனுக்கு உகந்த நட்சத்திரம்,” என்று புது மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அத்தை எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்ட காலமும் உண்டு. எங்கேயாவது நிஜமாகவே பூசத்தில் பிறந்த ஒரு சங்கரவடிவு இருப்பாள், சங்கரன்கோவிலிலோ தென்காசியிலோ. இங்கே உடைத்த தேங்காய்க்கெல்லாம் பலன் அவளுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு தலைவலி கூட இல்லாமல் கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருப்பாள் மகராசி. இங்கே கட்டி வளர்ந்தது இவள் வயிற்றில். சிரிப்பு வந்தது வடிவுக்கு, சிரித்தால் அடிவயிறு வலிக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

அத்தைக்குத் தெரியுமா. தெரியும். எப்படித் தெரியும். தெரியாது என்றால் அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம். பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் வழுக்கி விழுந்து அத்தை இடுப்பை உடைத்துக்கொண்டபோது, தூக்கிவிட ஓடின வடிவின் கையைத் தட்டிவிட்டு வேலைக்காரி முத்துப்பேச்சியைத்தானே கூப்பிட்டாள். பின்கட்டுக்குப் பாம்பு வந்த அன்றைக்கு எல்லாரும் பாம்பைப் பார்க்க, அத்தை வடிவைப் பார்த்தாள். கண் புரை ஆபரேஷன் கெட்டுப்போய் ஒரு கண் மங்கினபோது, கட்டுப் போட்ட கண்ணோடு, “யாருக்கு என்ன எழுதியிருக்கோ, அதுதானே,” என்றாள், இவள் ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து. ஒருநாள் ஒருபொழுது எண்ணெய் தேய்த்துவிடு என்று தலையை இவளிடம் கொடுத்ததில்லை. இவள் காபி கொண்டுவந்து வைத்தால் விரல் தானாக ஒரு சிட்டிகை போடும், கொட்டாவிக்குப் போடுகிற மாதிரி, ஆனால் கொட்டாவி வராது. இதெல்லாம் எப்போதிலிருந்து. அம்மா போனதிலிருந்து. அம்மாவுடைய ஆபரேஷனுக்கு முந்தின நாள் அத்தை பார்க்க வந்தாள், “நீ கொஞ்சம் வெளிய இரு, வடிவு, சம்மந்திட்ட ஒரு வார்த்தை பேசணும்,” என்று அம்மாவே இவளை வராந்தாவுக்கு அனுப்பினாள். என்ன வார்த்தை. திரும்ப வரும்போது அத்தையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. இல்லை, வெளுத்துப்போயிருந்ததா, அல்லது டியூப்லைட் வெளிச்சமா. அதற்கு முன்னால் சிட்டிகை போட்டதே இல்லையா, போட்டதை நான் கவனிக்கவில்லையா. சந்தேகம் வந்த பிறகு பழசு எல்லாம் அந்தச் சாயத்தில் முக்கின துணிதான், எது அசல் நிறம் என்று எந்த இயற்பியலாலும் சொல்லமுடியாது.

இப்போதும் பார். கிழக்கே பார்த்து உட்கார்ந்து சொல்லவேண்டும் என்பது அத்தை வைத்திருக்கிற சட்டம், வீட்டில் பலகையை ஒரு விரற்கடை திருப்பிப் போட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். இங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் அத்தையின் இடது கன்னத்தில் விழுகிறது. காலை வெயில் இடது பக்கம் என்றால் பார்க்கிறது தெற்கு. தெற்கு எமன் திசை, தெற்கே பார்த்து நல்ல காரியத்துக்கு யார் மந்திரம் சொல்லுவார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது, நாற்காலி போட வேறு இடம் இல்லை, அதனால் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெற்கே பார்த்தால் நேர் எதிரே இருக்கிறது வடிவின் முகம். அத்தைக்கு விஷயம் தெரியாது என்றால், பூசத்து வடிவுக்குக் கவசம் போய்ச் சேரும், அப்படி ஒருத்தி இந்தக் கட்டிலில் இல்லை. தெரியும் என்றால், வருஷக்கணக்காக எந்தப் பேரை இரண்டாவது இடத்தில் முழுங்கினாளோ அதே பேரை இப்போதும் முழுங்கிக்கொண்டிருக்கிறாள், அதுவும் பத்துப் பங்காக, மயக்க மருந்து ஏறப்போகிற நேரத்தில். தெரிந்தாலும் கெட்டது, தெரியாவிட்டாலும் கெட்டது. எந்தக் கணக்குப் போட்டாலும் என் தலைமாட்டில் யாரும் நிற்கவில்லை. நம்பாதவளுக்கு எதற்கு இந்தப் பயம் என்று ஒரு மனசு கேட்கிறது. அட, சும்மா கிட, நம்பாதவள்தான், சாகவும்தான் பயமாயிருக்கிறது, இரண்டும் இருக்கக்கூடாது என்று எவன் சொன்னான். மகளுக்கு இன்னும் ஒரு நல்ல சேலை கூடக் கட்டத் தெரியாது.

கதவைத் திறந்து திருமலை தலையை நீட்டினான். “எம்மா, முடிச்சாச்சா? தியேட்டர் தயாராயிட்டாம், ஆள் வருது,” என்றான். அத்தை இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினாள், பொறு என்று. அவன் வடிவைப் பார்த்து, “பயப்படாத என்ன,” என்றான். “உங்க சட்டைப்பையைப் பாத்துக்கிடுங்க,” என்றாள் வடிவு. அவன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். பாவம், பெண்டாட்டி பூசம் என்று நம்பிக் குடித்தனம் நடத்துகிற மனிதன், அவனிடம் ஒரு சந்தேகம் கிடையாது, ஒரு உபயோகமும் கிடையாது. ஆள் வருது. அப்படியென்றால் இப்போது சொன்னால் உண்டு. எதைச் சொல்ல. சொல்லத்தான் வேண்டுமா. சொன்னால் அத்தை என்ன செய்வாள். உடைந்த இடுப்பு, மங்கின கண், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எடுத்து வைப்பாள், வைக்கட்டும். ஆனால் இப்போது வைக்கமுடியாது. திக்கைக் கட்டியிருக்கிறாள். அவளால் எழுந்திருக்கவும் முடியாது, வாயைத் திறந்து என்னை ஒரு கேள்வி கேட்கவும் முடியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. கோழைக்குத் தகுந்த நேரம். திரும்பிப் படுத்தாள், அங்கியின் நாடா முதுகில் இழுத்தது. வராந்தாவில் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது, பக்கத்து ரூமுக்குப் போயிற்று, இல்லை, இங்கேதான். “அத்தை,” என்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. “அத்தை, நான் பூசம் இல்ல.” அதற்கு மேல் வரவில்லை. ஆயில்யம் என்ற அந்தச் சொல்லை அவள் வாயால் ஒருநாளும் உச்சரித்ததில்லை, தொண்டையில் எங்கே வைத்திருக்கிறது என்றே தெரியவில்லை.

உதடு நிற்கவில்லை. அத்தையின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, ஒரு ஆச்சரியம் இல்லை. கேட்கவில்லையோ என்று வடிவு நினைத்த அதே நேரத்தில் குரல் வந்தது. முதலில் கரகரத்து, பிறகு வீட்டில் விளக்கு முன்னால் வருகிற அதே கணீர்க் குரல். பத்துப் பங்கை விட்டுவிட்டு ஒரு பங்குக்கு இறங்கி வந்து, வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள் அத்தை, வடிவின் காதில் விழவேண்டும் என்றே. உச்சந்தலையிலிருந்து மறுபடி தொடங்கினாள். நெற்றி, புருவம், இரண்டு கண், கழுத்து, மார்பு என்று உறுப்பு உறுப்பாகக் கீழே இறங்கியது குரல். வயிறு வந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கருப்பை என்றாள், வீட்டில் அந்த இடத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது, இன்றைக்கென்று சேர்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளங்கால் வந்தது. முதல் இடம் வந்தது. “ஆயில்யத்தில் உதித்த சங்கரவடிவை,” என்றாள் அத்தை. தெரிந்திருக்கிறது. அம்மாதான் சொல்லியிருக்கிறாள், அந்த ஒரு வார்த்தை இதுதான், சாகிறதுக்கு முந்தின நாள் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள் அம்மா, இறக்கிவைத்த இடத்தைப் பார். அப்படியென்றால் இத்தனை வருஷமும் அந்தக் கிணற்றுக்குள் இறங்கின பேர் என் பேர்தான். சந்தேகம் இல்லை, நிஜம். நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு, நான் துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, நான் தேய்த்த குத்துவிளக்கு முன்னால் உட்கார்ந்து தினமும் என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் படுபாவி. வடிவுக்கு எழுந்து உட்கார்ந்து நாற்காலியோடு பிடித்து உலுக்கலாமா என்று இருந்தது. அதற்குள் இரண்டாவது இடம் வந்துவிட்டது. அத்தையின் குரல் இறங்கும் என்று பழக்கத்தில் வடிவின் காது தானாகக் கூர்ந்தது. குரல் இறங்கவில்லை. இன்னும் ஒரு படி ஏறியது. “குழல்வாய்மொழி வாயால் வந்த தீங்கு அனைத்திலிருந்தும்,” என்றாள் அத்தை.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், பின்னாலேயே திருமலையும். “பாட்டிம்மா, கொஞ்சம் எந்திரிங்க, வழி வேணும்,” என்றான் ஒருத்தன். அத்தை எழுந்திருக்கவில்லை, கால் இரண்டையும் நாற்காலிக்கு மேலே தூக்கி மடக்கிக்கொண்டாள். அவர்கள் முனகிக்கொண்டே ஸ்ட்ரெச்சரை ஒருபக்கமாக ஒடித்துக் கட்டிலோடு சேர்த்தார்கள். “எந்திரிம்மா, கேன்டீன்ல ரெண்டு இட்லி தின்னுட்டு மாத்திரையப் போடு,” என்றான் திருமலை. அத்தை தலையை ஆட்டினாள். கை தலைக்கு மேலே போகும், எதிர்ப்பக்கமாகச் சிட்டிகை போட்டுத் திக்கை அவிழ்ப்பாள் என்று வடிவு பார்த்துக்கொண்டே ஸ்ட்ரெச்சருக்கு மாறினாள். கை மடியிலேயே கிடந்தது. சர்க்கரை வியாதிக்காரி, இரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் கை நடுங்கும். மறுபடியும் உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்தாள். மங்கின கண்ணிலிருந்து நீர் வடிந்தது, ஆனால் அது எப்போதுமே வடிகிற கண், அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. கோபமா, இருக்கிறது, எங்கே போய்விடும், திரும்பி வந்து வைத்துக்கொள்கிறேன் இவளை என்று நினைத்தாள் வடிவு. திரும்பி வந்து என்று நினைத்ததை ஸ்ட்ரெச்சர் வாசற்படியில் குலுங்கினபோதுதான் கவனித்தாள். வராந்தாவின் டியூப்லைட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே பின்னால் போயின. குரல் கொஞ்ச தூரம் கூடவே வந்தது, நெற்றி, புருவம், கண். லிஃப்ட் கதவு மூடியது.

தியேட்டருக்கு முன்னால் ஒரு குளிர்ந்த அறையில் நிறுத்தினார்கள். முகமூடி போட்ட சின்னப் பெண் ஒருத்தி குனிந்து, “பேரு சொல்லுங்கக்கா,” என்றாள். சங்கரவடிவு என்றாள். என்ன ஆபரேஷன் என்று தெரியுமா என்று கேட்டாள், கர்ப்பப்பை என்றாள். பல்செட் உண்டா, இல்லை. “வேற எதுவும் சொல்லணுமாக்கா? எதுவும் ஒத்துக்கிடாதுன்னு முன்னாடியே தெரியுமா?”

“ஆயில்யம்,” என்றாள் வடிவு.

அந்தப் பெண் எழுதப்போனவள் நிமிர்ந்தாள். “அது என்ன மருந்துக்கா? நாங்க கேள்விப்பட்டதே இல்லையே.”

“மருந்து இல்லம்மா,” என்றாள் வடிவு. “நான் பொறந்த நட்சத்திரம்.”